நொமுசாவின் இரண்டு கோடு

நொமுசா கிழிந்த உதட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைன்னு ஊசி போட்டது நீங்க, டாக்டரம்மா. இப்ப ரத்தம் பாக்குற அட்டையில ரெண்டு கோடு வந்திருச்சு, நோய் இருக்காம். எம் புருஷன் வெலாபிக்கும் நோய் இருக்குன்னு போன மாசந்தான் தெரிஞ்சுதாம். நாந்தான் ஒட்டவெச்சேன்னு அடிச்சுத் துரத்திட்டாங்க. எம் பொண்ணு அங்க இருக்கா."

டாக்டர் தெம்பேகா மறுபடி ரத்தம் எடுத்தார். ஆஸ்பத்திரி டிரைவர் பெகானிக்குத்தான் கை துறுதுறுத்தது. தென்னாப்பிரிக்காவின் உம்லாசி ஊரில் தன்னைவிடப் பெரிய துப்பறிவாளன் இல்லை என்பது அவர் நினைப்பு.

நான்கு நாள் கழித்து மூவரும் வெலாபி வீட்டுக்குப் போனார்கள். மாமியார் மாதுபே நொமுசாவை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

பெகானி அலமாரியிலிருந்த சத்து மாத்திரைப் புட்டியை எடுத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. உள்ளே பஞ்சு. எச்.ஐ.வி. மாத்திரையை ஒளித்து வைப்பவர்கள்தான் அங்கே சத்தம் வராமலிருக்க அப்படிப் பஞ்சு அடைப்பார்கள். பஞ்சுக்குக் கீழே கழுத்துவரை தொடாத மாத்திரை, அடியில் வெலாபி பேரில் மருத்துவமனைச் சீட்டு.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஊசியில இருந்தது கிருமி இல்ல, வெளிநாட்டு வகையோட மேல்தோல் மாதிரி செஞ்சது. அதுக்கு உடம்பு காட்டுன எதிர்ப்புதான் ரெண்டாவது கோடு. நம்ம ஊர்ல சுத்துறது வேற வகை. இங்க ஒட்டுன நோய்னா இவ ரத்தத்துல இருக்குற எதிர்ப்பு நம்ம ஊர் வகையைப் பிடிக்கணும். பிடிக்கல. கிருமியையே தேடினோம், ஒண்ணுகூட இல்ல."

"அப்ப எனக்கு யாரு குடுத்தா?" வெலாபி எகிறினான்.

"சீட்டுல தேதி பாரு தம்பி. உன் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தி" என்று பெகானி சீட்டை நீட்டினார்.

பெகானிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அப்ப இவ சுத்தம்?" என்றாள் மாதுபே.

"சுத்தம். உங்க மகன் தினம் மாத்திரை போட்டா இவளுக்கு ஒட்டாது."

"போடமாட்டான். அக்கம்பக்கம் தெரிஞ்சுபோயிரும். சுத்தம்னா உள்ள வந்து புருஷனைப் பாத்துக்கட்டும். புள்ள எங்க வீட்டுப் புள்ள. அவ வேணும்னா இவ இங்கதான் இருக்கணும்."

பெகானி புட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"டாக்டரம்மா, அந்த ஊசி அவரோட நோய்கிட்டேருந்து என்னைக் காப்பாத்துமா?" என்றாள் நொமுசா வாசலிலிருந்து.

டாக்டர் முதன்முறையாகத் தலையைக் குனிந்தார். "காப்பாத்தாது நொமுசா. அதால வந்த எதிர்ப்பு நம்ம ஊர் வகையைப் பிடிக்கல. அதை வெச்சுத்தானே உம்மேல தப்பில்லன்னு சொன்னேன்."

உள்ளே மகள் "அம்மா" என்று கத்தினாள். நொமுசா தன் துணிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.