கரண்டு வந்தா தெரியட்டும்

கரண்டு போனால்தான் அந்தச் சத்தம் கேட்டது.

மின்விசிறி நின்று, ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கி, எதிர்வீட்டு டிவி பாதிச் சொல்லில் அறுந்து, தெரு முழுக்கக் காது அடைத்தாற்போல் ஆனபின், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையிலிருந்து எண்ணெயில் ஊறிய இரும்பு மெதுவாக உருளும் ஒலி வரும். கட், கட், கட், கட். ஒரு சுற்று. பிறகு ஒன்றுமில்லை. கரண்டு திரும்பி வந்து விசிறி சுழலத் தொடங்கியதும், அப்படி ஒன்றைக் கேட்டோமா என்பதே சந்தேகமாகிவிடும்.

முதல் முறை பெருச்சாளி என்று நினைத்தாள் பூமாலை. இரண்டாம் முறை தகரத்தில் காற்று என்று நினைத்தாள். மூன்றாம் முறை எதையும் நினைக்கவில்லை. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருடம் கேட்டிருக்கிறாள். இரும்பு கடையும் லேத்தை ஓட்டும் முன்னால் அவள் கணவர் தெய்வசிகாமணி ஒவ்வொரு முறையும் சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். பொருளைக் கவ்விக்கொண்டு சுழலும் கனத்த இரும்புத் தலைக்குத்தான் சக் என்று பெயர். அதன் மூன்று தாடைகளும் எதிலும் இடிக்காமல் சுற்றுகின்றன என்று கைக்குத் தெரிந்த பிறகே அவர் விரல் சுவிட்சுக்குப் போகும்.

அவர் இறந்து ஆறு மாதமாகிறது.

சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக இருந்தவர் அவர். கரும்பு வண்டிகளின் எடையை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டு, கொட்டகைக்குள் போய்விடுவார். கோயம்புத்தூரில் பழைய விலைக்கு வாங்கி வந்த மூன்றடி லேத். அதில் பம்பரம் கடைவார், கதவுக்குக் கொண்டி கடைவார், ஒன்றுமே இல்லையென்றால் ஒரு இரும்புத் துண்டை எடுத்து முகம் தெரியும்வரை பளபளப்பாக்கிவிட்டு அதை அலமாரியில் வைத்துவிடுவார். "மத்தவன் வூட்ல டிவி பொட்டிய வச்சிருக்கான், நீங்க இன்னாடான்னா பட்டறைய வச்சிக்கினு குடும்பம் நடத்துறீங்க" என்று அவள் சொல்வாள். "அது பேசாது. அதான் வச்சிருக்கேன்" என்பார் அவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் லேத்தைப் பற்றித்தான் பேசுவார். மழைக்காலத்தில் ஒரு வாரம் எண்ணெய் காட்டாமல் விட்டால் லேத்தின் அடியில் நீளும் இரும்பு மேடையில், அதாவது பெட்டில், துரு பூக்கும். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசினாகிவிடும். சுருள் சுருளாக விழும் சீவலைக் கையால் அள்ளாதே, பிரஷ்ஷால் தள்ளு. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வராதே. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. சக்கை இறுக்கும் சாவியில் கை வைத்தால், கை திரும்பும்போது சாவியும் கையோடு வந்துவிட வேண்டும். சாவியைச் சக்கில் விட்டுக் கையை மட்டும் எடுக்கக் கூடாது.

அவர் போனபின் வெள்ளிக்கிழமை தோறும் அவள் அந்த பெட்டைத் துடைத்து எண்ணெய் போட்டாள். ஏன் செய்கிறாள் என்று யோசிக்கவில்லை. சக்கில் அவர் கடைசியாகக் கவ்விவைத்த பித்தளைத் துண்டு அப்படியே இருந்தது. இட்லிப் பானை மூடிக்கு ஒரு குமிழ் வேண்டும் என்று மூன்று முறை கேட்டிருந்தாள். பாதி கடைந்த குமிழ். அதை மட்டும் அவள் தொடமாட்டாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் தமிழ்வேந்தன் வந்தான். கள்ளக்குறிச்சி சாலையில் பட்டறை வைத்திருப்பவன். அவரைவிடப் பத்து வயது சின்னவன் என்றாலும் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன். லேத்தை யாருக்காவது கொடுப்பதென்றால் அவனுக்குத்தான் என்று பூமாலையே சொல்லி அனுப்பியிருந்தாள். சத்தத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை.

அவன் குனிந்து பெட்டின்மேல் விரலை ஓட்டினான். விரலைத் திருப்பிப் பார்த்தான்.

"நீங்களா பாத்துக்கினு இருக்கீங்க அண்ணி?"

"வெள்ளிக்கிழம தொடப்பேன். எண்ண போடுவேன். அவ்ளோதான்."

"அவ்ளோதானா? எங்கிட்ட ஆறு பேரு வேல செய்றானுங்க. ஒருத்தனுக்கும் இந்தப் புத்தி இல்ல. ஓட்டாத மெஷினுக்கு பெல்ட்ட தளத்தி வைக்கணும்னு எவனுக்குத் தெரியுது? நீங்க வச்சிருக்கீங்க பாருங்க."

பெல்ட் தளர்த்தக்கூடியது என்பதே பூமாலைக்குத் தெரியாது.

அவன் பக்கவாட்டு மூடியைத் திறந்தான். உள்ளே பல்சக்கரங்கள். அந்த மூடிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் அன்றுதான் பார்த்தாள். பல்லிடுக்குகளில் அழுக்கில்லை. ஒவ்வொரு பல்லிலும் எண்ணெய் மெல்லிய தோல்போலப் படிந்து மின்னியது. ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தது.

"இப்பதான் போட்டீங்களா?"

"ம்."

"சாவி எங்க அண்ணி?"

"ஸ்டேஷன்ல எடுத்துக்கினு போனாங்க. திருப்பித் தரல."

"போவட்டும். சதுர முனதான, நான் அடிச்சிக்கிறேன்." அவன் மூடியைச் சாத்தினான். "எவ்ளோ உஷாரான மனுஷன். கரண்டு போனா மொத வேலையா சுவிட்ச ஆஃப் பண்ணுடான்னு எனக்கே சொல்லிக் குடுத்தவரு. அன்னைக்குன்னு அவரே மறந்துட்டாரு பாருங்க. பசங்ககிட்ட தெனம் சொல்றேன். அண்ணனுக்கே அந்த கதின்னா நீங்கல்லாம் எம்மாத்திரம்டான்னு."

பூமாலை கொட்டகை வாசல் வழியாகச் சமையலறையின் பின்சுவரைப் பார்த்தாள். அங்கே மரப்பலகையில் இரண்டு சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கொட்டகை விளக்குக்கு. இன்னொன்று லேத்துக்கு.

"ஞாயித்துக்கிழம வண்டி எடுத்தாறேன்" என்றான் தமிழ்வேந்தன்.

"சரிங்க தம்பி."

வேறொன்று சொல்ல வாய் திறந்திருந்தாள். ஆனால் வந்தது அதுதான்.

சித்திரையில் அன்று மதியம் கரண்டு போனது. லேத்தின் சொந்த சுவிட்ச் நான்கு நாளாகப் பழுது. புதியது வரும்வரை சுவர் சுவிட்சிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். கரண்டு போனதும் அவர் வெளியே வந்தார். லேத் சுவிட்சை அணைத்தார். அவள் பார்த்தாள். சுவரில் அந்த டக் சத்தத்தைக் கேட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, குமிழ் கொஞ்சம் ஆடுகிறது, இறுக்கிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். அவள் சொம்போடு பின்வாசலில் நின்றாள். கரண்டு போனால் எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்கிற ஒன்றைச் செய்தாள். கரண்டு வந்தால் தெரியட்டும் என்று, கொட்டகை விளக்கின் சுவிட்சைப் போட்டுவைத்தாள். பார்க்காமல் போட்டாள்.

அது விளக்கு சுவிட்ச் இல்லை. கரண்டு திரும்பி வந்தபோது அவர் கையும் சாவியும் சக்கில் இருந்தன.

ஓடிப்போய் அவர் தலையை மடியில் தூக்கி வைத்தபோது நெற்றிப்பொட்டில் சதுரமாக ஒரு குழி இருந்தது. சாவி தெறித்த வேகத்தில் தகரமும் கிழிந்திருந்தது. அன்று அவள் கட்டியிருந்த வெந்தய நிறப் புடவையை, மணலூர்பேட்டை ஆற்றில் அவர் சாம்பலைக் கரைத்தபோது கூடவே விட்டாள். சுவிட்சை யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறந்துட்டாரு என்று அவர்களே சொன்னார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளிடம் யார் கேட்பார்கள்? பிறகு அழுகை நின்றது. அதற்குள் அது கதையாகியிருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேற்கே கல்வராயன் மலை மேகத்துக்குள் போய்விட்டது. ஈர மண்ணும் பக்கத்துக் கொல்லையின் கரும்புச் சோகையும் கலந்த வாடை அடித்தது. மழை இன்னும் இறங்கவில்லை. கைப்பேசி அடித்தது.

"அண்ணி, நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வந்துர்றேன். இன்னொன்னு. கடையில ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கேன். கரண்டு போனால் சுவிட்சை அணைக்கவும், மறதி உயிரை எடுக்கும்னு. கீழ அண்ணன் பேரு, போட்டோ. நாலு பேரு பாத்து உஷாரா இருப்பான்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் படம். அவர் பெயர். அதற்கு மேலே மறதி.

இப்போது சொல்லிவிடலாம். அவர் மறக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம். ஆறு மாதமாக அது நாக்குக்கு அடியில் கிடந்தது, பெட்டில் விழுந்த இரும்புச் சீவல்போல, தொட்டால் கிழிக்கும் என்று.

"அண்ணி? இருக்கீங்களா?"

"நல்லதுதான் தம்பி" என்றாள் பூமாலை.

அவன் வைத்துவிட்டான். கைப்பேசியைக் கீழே வைக்கும்போதே விசிறி தளர்ந்து நின்றது. ஃப்ரிட்ஜ் குலுங்கி அடங்கியது. தெரு ஊமையானது.

கட், கட், கட், கட்.

ஒரு சுற்று. அவள் காத்திருந்தாள்.

கட், கட், கட், கட்.

இரண்டாவது சுற்று. மூன்றாவது. அது நிற்கவில்லை. வேகமும் எடுக்கவில்லை. அவசரமில்லாமல், ஒருவர் வேலை செய்து களைத்த கையால் சுற்றிக்கொண்டே இருப்பதுபோல. இடையிடையே வேறொரு ஒலியும் வந்தது. பித்தளையை உளி மெல்லச் சீவுகிற ஒலி.

பின்வாசலைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள். சுவிட்சுப் பலகையைக் கடக்கும்போது பார்த்தாள். இரண்டும் அணைந்திருந்தன. தொட்டும் பார்த்தாள். இரண்டும் மேலே. கொட்டகைக் கதவைத் தள்ளினாள்.

சத்தம் நின்றது.

எண்ணெய் வாடை. அதனோடு அவர் வியர்வை. தகரக் கிழிசல் வழியாக ஒரு கீற்று வெளிச்சம் விழுந்து, சக்கின்மேல் கிடந்தது. கீழே தட்டில் பொன் நிறச் சுருள்கள், புதியவை, குவியலாக. தாடைகளுக்கிடையில் குமிழ். முடிந்திருந்தது. ஒரு கீறல் இல்லாமல், முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது.

சக்கின் பக்கவாட்டில் சாவி செருகியிருந்தது. ஸ்டேஷனுக்குப் போன சாவி.

அவளுக்குப் பயமாக இல்லை, முதலில். இவ்வளவு நாள் கழித்து, கேட்டதைச் செய்து வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. கழற்றிக் கொடுக்க மட்டும் முடியவில்லை போலிருக்கிறது. கண் நிறைந்தது. அருகே போனாள். அவர் நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரை இரண்டு பாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதில் நின்றாள். குமிழை எடுக்கச் சாவியைப் பிடித்தாள்.

வெதுவெதுவென்று இருந்தது. யாரோ இப்போதுதான் கையெடுத்ததுபோல.

"நீங்க மறக்கல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீங்க ஆஃப் பண்ணீங்க. நான்தான் போட்டேன். தெரியாம போட்டேன்ங்க."

கொட்டகை அமைதியாக இருந்தது. அவருடைய பழைய அமைதி.

"நாளைக்குத் தமிழ்கிட்ட சொல்லிடுறேன்."

டக்.

சுவரில். அவள் பின்னாலிருந்த வாசலுக்கு அப்பால். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

கை சாவியில் இருக்க, தலையை மட்டும் திருப்பினாள்.

பின்வாசலில் ஒரு பெண் நின்றாள். வெந்தய நிறப் புடவை. இடது கையில் சொம்பு. வலது கை சுவிட்சுப் பலகையில். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மழை வருமா என்பதுபோல. விரல் எந்த சுவிட்சில் இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

இங்கே நின்றால் அது தெரிந்தது. இங்கிருந்து நன்றாகவே தெரிந்தது. எந்த சுவிட்ச் என்று.

அப்படியானால் அவரும் பார்த்திருக்கிறார்.

பூமாலை கையை எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. சாவியைப் பிடுங்கப் பார்த்தாள். சாவியும் வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். அந்தப் பெயர் அவளுடையதாகவே இருந்தது.

தெருக்கோடியிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் எழுந்தது. கரண்டு வந்துருச்சு. ஒரு வீட்டில் டிவி பேசத் தொடங்கியது. அடுத்த வீட்டில் மிக்ஸி. கூச்சல் வீடு வீடாக நெருங்கியது. கைக்குள் சாவி மெல்ல நடுங்கியது.

பின்வாசலில் நின்றவள் வானத்திலிருந்து பார்வையை இறக்கி, கொட்டகைக்குள் பார்த்தாள்.

அன்றைக்கு இப்படிச் சிரித்தோம் என்பது பூமாலைக்கு நினைவே இல்லை. அந்தப் பெண் சிரித்தாள். எதுவும் அறியாத, பிரியமான சிரிப்பு. சிரித்துக்கொண்டே சொம்பைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள், இன்னும் தண்ணீர் வேண்டுமா என்று.