மாடி அறை ஒயர்

நான் அந்த வீட்டுக்குப் போனது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வானம் மூட்டமாக இருந்தது. பழைய மாடி வீடு. கதவைத் திறந்ததும் தைல வாடை மூக்கில் ஏறியது. வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். யாருக்கு முதுகுவலியோ என்று நினைத்துக்கொண்டு பையைத் திறந்தேன்.

வேலை ஒன்றும் பெரிதல்ல. இண்டர்நெட் பெட்டியில் ஒயர் சொருக இருந்த நாலு இடமும் நிரம்பிவிட்டது. அதனோடு ஒரு ஸ்விட்ச் சேர்க்க வேண்டும். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. ஒரே ஒயரில் வருவதைப் பல ஒயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி.

"சீக்கிரம் பாஸ், மேட்ச் ஆரம்பிச்சிடும்," என்றார் வீட்டுக்காரர். டிவிக்குப் போகும் ஒயரில் மட்டும் கை வைக்க விடவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்து நான் கண்டதில்லை.

எனக்கு ஒரு பழக்கம். சுவரிலிருந்து வரும் எந்த ஒயரையும் அநாதையாக விட்டுவிட்டு வர மாட்டேன். அலமாரிக்குப் பின்னால், முனையில் கறுப்பு டேப் சுற்றிய ஒயர் ஒன்று ஒளிந்து கிடந்தது. டேப்பை உரித்துக் கீழே போட்டுவிட்டு, அதை ஸ்விட்சின் கடைசி இடத்தில் சொருகினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. பிறகு துடிக்கத் தொடங்கியது.

ஹால் சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"தம்பி... கொஞ்சம் மேல வாடா."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சமையலறையிலிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அக்கா குரல்," என்றாள்.

அவள் திக்கித் திக்கிச் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. வீட்டுக்காரரின் அக்கா படுத்த படுக்கையாக, தைலமும் கையுமாக மாடி அறையில் இருந்தாராம். கட்டிலோரம் இருந்த பெட்டியில் பொத்தானை அழுத்திப் பேசினால் இந்த ஸ்பீக்கரில் கேட்கும். மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், மூச்சுத் திணறி, ஏனென்று கேட்க ஆளில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எலி ஒயரைக் கடிச்சிடுச்சு, அதான் கேக்கலைன்னு சொன்னீங்களே?" என்று கணவனைக் கேட்டாள். என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எலி கடிச்சிருக்கா?"

விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"இல்லைம்மா. யாரோ பிடுங்கி, டேப் சுத்தி வச்சிருக்காங்க."

அவள் டிவி ஒயரைப் பார்த்தாள். அது சொருகியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மேட்ச் பாக்கறதுக்கா இதைப் பிடுங்கினீங்க?"

"சும்மா நொய்நொய்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா! மேட்ச் முடிஞ்சதும் சொருகிக்கலாம்னுதான்..."

"தம்பி," என்றது ஸ்பீக்கர். இந்த முறை குரலில் கெஞ்சல் இல்லை.

அவர் பாய்ந்து வந்து ஒயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையக்கூட இல்லை.

"எவனோ விளையாடறான். மேல இருக்கிற பெட்டியையே உடைச்சிட்டு வரேன்!"

தடதடவென்று படியேறினார். மாடியில் ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தைல வாடை ஹால் முழுக்கப் பரவியது.

ஸ்பீக்கரில் இப்போது அவர் குரல்.

"கதவு திறக்கலை! யாராவது வாங்க!"

நாங்கள் படியை நோக்கி ஓடினோம். பின்னாலேயே இன்னொரு குரல் நிதானமாகக் கேட்டது.

"நான் எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் தெரியுமாடா?"

சட்டென்று சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. ஒயர் அலமாரிக்குப் பின்னால் பழையபடி கிடந்தது.

அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

மாடிக் கதவு தொட்டதுமே திறந்துகொண்டது. அவர் கட்டிலோரம் விழுந்து கிடந்தார். பொத்தானை அழுத்திய விரல் அப்படியே இருந்தது. மூச்சு இல்லை.

அன்றைய பதற்றத்தில் என் கருவிப் பையை அங்கேயே விட்டுவிட்டேன். காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, மனமில்லாமல்தான் திரும்பப் போனேன். மனைவி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுக்கக் குனிந்தவன் ஸ்விட்சைப் பார்த்தேன். கடைசி இடம் காலியாகத்தான் இருந்தது.

அதற்கு மேலே பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

"யாராவது வாங்களேன்... மூச்சு முட்டுது..."

"அம்மா... அவரு கூப்பிடறாரே."

அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேட்ச் முடியட்டும்ணா," என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.