அம்மா வேஷம்

அன்று மாலை வடிவு காபியை முகர்ந்து பார்க்காமல் குடித்தாள்.

டம்ளரைக் கொடுத்த மகள் கனிமொழி அப்படியே நின்றுவிட்டாள். யார் வீடானாலும், கல்யாணப் பந்தியானாலும், அம்மா டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் கண்மூடி, "பரவால்ல" என்றோ "இன்னாடி இது, கழனித்தண்ணி" என்றோ தீர்ப்புச் சொன்ன பிறகுதான் குடிப்பாள். மறதி நோய் வந்து, அப்பா இறந்த நினைவும், தெருவின் பெயரும், குழம்புக்கு உப்புப் போட்டதும் ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகும் அந்த முகர்தல் மட்டும் உதிரவில்லை. இன்று வெறுமனே குடித்தாள். வெள்ளானூரில் எழும்பிக்கொண்டிருந்த ஏதோ குடியிருப்புக்கு ஜல்லி ஏற்றிய லாரி போனது. ஜன்னல் கம்பிகள் நெடுநேரம் அதிர்ந்தன.

முந்தைய நாள்தான் அம்பத்தூரில் ஒத்திகை. வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன நாடகக் குழு. நினைவு தவறும் தாய், கவலைப்படும் மகள், அவ்வளவுதான் கதை. மகளாக நிவேதிதா, தாய் வேஷம் கனிமொழிக்கு. காலி டம்ளரை அவள் முகர்ந்த விதத்தைப் பார்த்து, நாடகத்தை இயக்கிய பரந்தாமன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதான்மா. அம்மாகிட்டேர்ந்து இன்னும் எடுத்துனு வா."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். அடுப்பை அணைத்ததும் அம்மா அதன் குமிழை இரண்டு விரலால் தட்டி, குழந்தையிடம் சொல்வதுபோல, "தூங்கு" என்பாள். அடுத்த ஒத்திகையில் அதைச் செய்தபோது எல்லோரும் சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் துண்டு துண்டாகிப்போன அம்மா, மேடையில் மட்டும் முழுசாக இருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே கேஸ் நாற்றம். ஜன்னல்களையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு சித்ரா முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"அடுப்ப தொறந்து வுட்டுட்டு டிவி பாத்துகினு கீது உங்கம்மா. எனக்கு மூக்கு நல்லா கீது, தப்பிச்சீங்க. தெனம் நான் இருப்பனாக்கா?"

கனிமொழி அம்மாவை அடுப்பின் முன்னால் நிறுத்தி, குமிழைத் தட்டிக் காட்டினாள். "இப்படித் தட்டும்மா. தூங்குன்னு சொல்லு." வடிவு அவள் விரல்களையே பார்த்தாள். எங்கோ, யாரிடமோ பார்த்ததுபோல.

"நல்லா நடிக்கிறியே," என்று சிரித்தாள்.

கனிமொழி பரந்தாமனுக்குப் போன் செய்தாள். "எனக்குப் பயமா இருக்கு சார். வேற யாரையாவது போடுங்க."

"ஞாயித்துக்கிழமை நாடகம்மா. இப்ப யாரைப் போடுறது? மேடை பயம், போயிடும்."

மேடைக்குப் போகாமல் அம்மாவிடம் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அவள் கூப்பிடும் விதம். சமையலறையிலிருந்து, கொல்லையிலிருந்து, "கனீ..." என்று கடைசியில் குரல் மேலே எழும்பும், நீ இருக்கிறாயா என்று கேட்பதுபோல. சோற்றைச் சோறு என்று தெரியாத நாளிலும் அந்தக் கூப்பிடல் வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் கனிமொழி ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. கடைசிக் காட்சியில் தாய் மகளைக் கூப்பிட வேண்டும். நாடகத்தில் மகள் பெயர் மாலா. தன் சொந்தக் குரலில், தட்டையாக, மாலா என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அப்படித்தான் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. தலையில் பவுடர் கொட்டி நரைத்த முடி, முகப்பூச்சின் எண்ணெய் வாடை, விளக்குகளின் சூடு. முன்வரிசையில் சித்ராவுக்குப் பக்கத்தில் அம்மா, நீலப் புடவையில். புறப்படும்போதுகூட வாசலில் நின்று "கனீ..." என்றிருந்தாள்.

கடைசிக் காட்சி. நிவேதிதா முதுகைக் காட்டி நடந்தாள். கனிமொழி வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

"மாலா," என்று திரைமறைவிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மின்விசிறிகளின் சத்தம். ஒரு இருமல். உதட்டைக் குவித்தாள். மா. மா.

"கனீ..."

கடைசியில் மேலே எழும்பியது. அச்சு அசல்.

அரங்கம் எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் வடிவும். மற்றவர்களைப் பார்த்து, மற்றவர்களைப் போலவே.

திரை விழுந்ததும் சித்ரா அவளை மேடைக்குப் பின்னால் அழைத்து வந்தாள். வடிவு கனிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மரியாதையான, மெதுவான பிடி.

"ரொம்ப நல்லா பண்ணீங்க. உங்கம்மா வந்துகிறாங்களா?"

நான்தாம்மா. உன் பொண்ணு. சொல்ல வாயெடுத்தாள்.

"கனீ..."

சித்ராவின் முகம் வெளுத்தது. கனிமொழி வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு நடுவே, மறுபடியும்.

"கனீ..."

"யாரையோ கூப்புடுறீங்களே," என்றாள் வடிவு. பரிவோடு திரும்பி, பின்னால் இருந்த காலி மேடையை, மடித்து அடுக்கிய நாற்காலிகளை, அணைந்துகொண்டிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இங்க அப்புடி யாரும் இல்லியேம்மா."