வாயை மூடிய பிறகும் பேசிய அம்மா

தம்பி டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் திணித்தான். பிறகு அந்தத் தலையணையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"என்னடா, அடைகாக்கிறியா?" என்று கேட்டாள் மிளகு.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தம்பிக்குக் காது சரியாகக் கேட்காது. காதில் மாட்டியிருக்கும் கருவி பாதி வேலையைச் செய்யும். மீதிப் பாதியை அவன் கண்கள் செய்யும். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் அவன் பேச்சைப் பிடிப்பான். அவன் சுவரைப் பார்க்கிறான் என்றால், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான் என்று அர்த்தம்.

மிளகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்தாள். ஆள் சின்னது, பேச்சு காரம் என்று அப்பா வைத்த பெயர் அது. சின்ன ஆளாக இருப்பது இந்த மாதிரி நேரத்தில் உதவும். அவள் தலை தம்பியின் மூக்குக்கு நேராக எழுந்தது.

"விளையாட்டுல பூனை கிடைச்சுதா இல்லையா?"

"எனக்குப் பூனை வேணாம்."

"ஏன்?"

தம்பி தலையணையின் ஓரத்தைத் திருகினான். மிளகுக்கு முழங்கால் வலித்தது. நகராமல் இருந்தாள்.

"அம்மா பேசி முடிக்கறதுக்குள்ள என்னை அணைச்சுட்டாங்க" என்றான் அவன் கடைசியில். "வாயை மூடிட்டாங்க. கையை நீட்டிப் போனை அணைச்சாங்க. ஆனா உள்ளே இன்னும் ஏதோ பேசிட்டிருந்தாங்க. எனக்குச் சொல்லாம."

அவர்களுடைய அம்மா ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது வீடியோவில் கூப்பிட்டால் படம் உறைந்துபோகும். அம்மா வாயைப் பாதி திறந்தபடி சிலையாக நிற்பார். மற்றவர்கள் குரலையாவது கேட்டுக்கொள்ளலாம். தம்பிக்கு அதுவும் இல்லை.

அதனால்தான், கல்லூரியில் கணினி படிக்கும் அக்கா அவனுக்காக ஒரு விளையாட்டைச் செய்தாள். தொலைந்துபோன பூனையைத் தேடி ஒரு சின்னப் படகு போகும். ஒவ்வொரு தீவை அடைந்ததும் அம்மா திரையில் வந்து, அடுத்து எங்கே தேட வேண்டும் என்று சொல்வார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவார். அக்கா அதை விளையாட்டுக்கு ஏற்றபடி மாற்றி உள்ளே சேர்ப்பாள்.

முதல் தீவுக்கான படத்தை அம்மா கப்பலின் மேல்தளத்தில் நின்று எடுத்திருந்தார். நல்ல வெயில், நல்ல சிரிப்பு. ஆனால் காற்று 'புஸ் புஸ்' என்று குறுக்கே பேசியது. தம்பியின் கருவியில் காற்று மட்டும்தான் கேட்டது. அதனால் இரண்டாவது தீவுக்கு அம்மா சாமான் அறைக்குள் போய்ப் பேசியிருந்தார். அங்கே மாவு மூட்டைகள் சுவர் மாதிரி அடுக்கியிருக்கும். எஞ்சின் சத்தம்கூட எட்டிப் பார்க்காது. குரல் மணி மாதிரி இருந்தது.

அப்படியும் தம்பி தலையணை மேல் உட்கார்ந்திருந்தான்.

மிளகு அக்காவின் அறைக்கு ஓடினாள்.

"அக்கா, ரெண்டாவது தீவு கெட்டுப்போச்சு."

"தீவு என்ன பாலா, கெட்டுப்போக? நான் பார்த்துட்டுத்தானே போட்டேன்."

அக்கா படத்தை ஓடவிட்டாள். 'என் தங்கமே, ரெண்டாவது தீவுக்கு வந்துட்டியா?' என்றார் அம்மா. உதடும் குரலும் ஒன்றாக வந்தன.

"பார்த்தியா? அச்சு அசலா இருக்கு" என்று அக்கா படத்தை நிறுத்தினாள்.

"முழுசாப் பாருக்கா."

"நூறு தடவை கேட்டாச்சு மிளகு. எனக்கே மனப்பாடம்."

"கேட்டே. பார்த்தியா?"

அக்கா நாற்காலியைத் திரையருகே இழுத்தாள். பிறகு கடைசிப் பகுதியை ஓடவிட்டாள். அம்மா வாயை மூடினார். ஆனால் குரல் பேசிக்கொண்டே இருந்தது. அம்மாவின் கை நீண்டு வந்து திரையை மறைத்தது. அப்போதும் குரல் பேசியது.

"அடக் கடவுளே" என்றாள் அக்கா மெதுவாக.

அந்த நேரம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த அப்பா வாசலில் தலையை நீட்டினார். "என்ன பிரச்சினை? அணைச்சுட்டு மறுபடி போடுங்க. சரியாயிடும்."

"அப்பா, எனக்கு வயித்து வலி வந்தப்பவும் நீங்க இதைத்தான் சொன்னீங்க" என்றாள் மிளகு.

"தூங்கி எழுந்ததும் சரியாச்சா இல்லையா?" என்று கேட்டுவிட்டு அப்பா முகம் கழுவப் போனார்.

அக்கா குரலைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தாள். கடைசிப் பகுதி கச்சிதமாகப் பொருந்தியது. தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார்கள். அவன் ஆரம்பத்திலிருந்து பார்த்தான். பார்த்த வேகத்திலேயே திரும்பி நடந்தான்.

"இப்போ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பேசறாங்க. இது அம்மாவே இல்லை."

அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "முன்னால இழுத்தா ஆரம்பம் போகுது. பின்னால தள்ளினா முடிவு போகுது. நான் என்னதான் செய்ய?"

மிளகு தம்பியின் பின்னாலேயே போனாள். கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணிகள் ஆடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் அவன் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்கும் அக்காவுக்கும் காது கேக்குது. அதனால எங்களுக்கு வாயைப் பார்க்கவே தெரியலடா."

தம்பிக்கு இது புதிதாக இருந்தது. "தெரியாதா?"

"தெரியல. உனக்குத்தான் தெரியும். நீ விளையாட வேணாம். எங்க தப்பாகுதுன்னு மட்டும் காட்டு. இந்தா, என் கையைப் பிடிச்சுக்கோ. சரியா இருந்தா சும்மா பிடி. தப்பா இருந்தா அழுத்து. ரொம்பத் தப்பா இருந்தா ரொம்ப அழுத்து."

"வலிக்கும்."

"வலிச்சாத்தான் எனக்குப் புரியும்."

அக்கா பழைய படத்தையே மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை மிளகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் பார்த்தது தம்பியின் முகத்தை மட்டும்தான்.

'என் தங்கமே...' தம்பியின் கை பஞ்சு மாதிரி இருந்தது. முகத்தில் சிரிப்பு. கொஞ்சம் போனதும் விரல்கள் லேசாக இறுகின. பாதி வந்தபோது புருவம் சுருங்கியது. பிடி இன்னும் இறுகியது. முடிவு நெருங்க நெருங்க மிளகின் விரல்கள் வெளுத்தன. அம்மாவின் கை திரையை மறைத்த நேரத்தில் அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"விடுடா, விடுடா. புரிஞ்சுடுச்சு" என்று கையை உதறினாள். "அக்கா, இது ஒரே இடத்துல தப்பாகலை. கொஞ்சம் கொஞ்சமாத் தப்பாகிட்டே போகுது."

"கொஞ்சம் கொஞ்சமாவா?"

"நீயும் நானும் கடைக்குப் போவோமே, அந்த மாதிரி. வீட்டுலேர்ந்து ஒண்ணாத்தான் கிளம்புவோம். நீ நெட்டைக்கால் போட்டு நடந்து, கடைக்குப் போறப்ப எவ்வளவோ முன்னால இருப்பே. என்னை முன்னாடியே கிளம்பச் சொன்னா சரியாகுமா? நீ மெதுவா நடக்கணும்."

அக்கா போனைக் கையில் எடுத்தாள். பிறகு அம்மா அனுப்பிய அசல் படத்தைப் போனில் முழுக்க ஓடவிட்டாள். முதலிலிருந்து முடிவுவரை எல்லாம் சரியாக இருந்தது.

"அப்போ மாத்தறப்பதான் கெடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கணினியில் எதையோ தேடினாள். சட்டென்று நிமிர்ந்தாள். "இருட்டு. அந்த அறை இருட்டு."

"அதுக்கென்ன?"

"வீடியோங்கறது வேகமா ஓடற ஃபோட்டோக்கள்தான். போன் ஒரு நொடிக்கு முப்பது ஃபோட்டோ எடுக்கும். வெளிச்சம் கம்மியா இருந்தா நிதானமா, கொஞ்சம் கம்மியா எடுக்கும். நான் அதைக் கவனிக்காம, எல்லா நொடிக்கும் முப்பதுன்னு வெச்சு மாத்திட்டேன். அதான் படம் வேகமா ஓடி முன்னாலயே முடிஞ்சிருக்கு. குரல் பாவம், அதோட வேகத்துல வந்துட்டிருக்கு."

தம்பி அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா ஏன் இருட்டுல நின்னாங்க?"

அக்கா தயங்கினாள். மிளகுதான் சொன்னாள். "வெளியே காத்து சத்தம் போட்டுச்சுல்ல. உனக்கு நல்லாக் கேக்கணும்னு."

தம்பி தன் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஃபோட்டோ குறைந்த இடங்களிலெல்லாம் பக்கத்து ஃபோட்டோவையே இன்னொரு முறை வைத்து, ஒவ்வொரு நொடியும் சம அளவாக வரும்படி அக்கா படத்தைத் திரும்ப மாற்றினாள். கணினி உறுமியது. முடிந்ததும் மூவரும் டேப்லெட் முன் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தம்பி கேட்காமலே மிளகின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் வலிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

'என் தங்கமே, ரெண்டாவது தீவுக்கு வந்துட்டியா?'

பஞ்சு. பாதியிலும் பஞ்சு.

'பூனை கலங்கரை விளக்கத்துல, படிக்கட்டுக்கு அடியில இருக்கு. பயந்து போயிருக்கும். மெதுவாக் கூப்பிடு. நானும் சீக்கிரம் வந்துடறேன்' என்றார் அம்மா. அப்போதும் தம்பியின் பிடி இறுகவில்லை.

அம்மா வாயை மூடினார். குரலும் நின்றது. ஆனால் படம் முடியவில்லை. அம்மா மாவு மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் நின்று, அணைக்க மனமில்லாதவர் போல அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இந்த இடத்தில்தான் குரல் வந்து மோதிக்கொண்டிருந்தது. அதனால் யாருமே இதைக் கவனித்ததில்லை. பிறகுதான் அம்மாவின் கை மெல்ல நீண்டு வந்தது.

தம்பி மிளகின் கையை விடவில்லை.

"கடைசியில அம்மா ஒண்ணும் சொல்லல இல்ல?" என்று கேட்டான் தம்பி.

"ஆமாடா, ஒண்ணும் சொல்லல" என்றாள் மிளகு.

"எனக்குப் புரிஞ்சுது" என்றான் தம்பி. பிறகு படகைக் கலங்கரை விளக்கத்தின் பக்கம் மெதுவாகத் திருப்பினான்.