வாடகைக்கு விட்ட வலி

ரெஜினா உள்ளங்கையை வைத்ததும் நிகரியின் கண்ணாடித் தட்டு பச்சையாக ஒளிர்ந்தது. கார் விற்பனைக்கூடத்தின் மேலாளர் திரையைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். அங்கிருந்ததிலேயே உயர்ந்த ரகக் கார் ஒரு மிதிவண்டியின் விலைக்குப் போயிற்று.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தூத்துக்குடியின் எந்தக் கடையிலும் இப்போது விலைச்சீட்டு கிடையாது. நிகரி என்ற கருவி வாங்குபவரின் நரம்பையும் இரத்தத்தையும் படித்து, பசி, வலி, களைப்பு, அச்சம் எல்லாவற்றையும் அளந்து விலை சொல்லும். தேவை மிகுந்தவருக்கு மலிவு. அதில் குறைவதைத் தேவை இல்லாதவரிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். கடைக்காரருக்கு லாபம் குறைவதில்லை. சந்தை இருந்தது, முதலாளிகள் இருந்தார்கள், பட்டினி மட்டும் இல்லை. குறையில்லாத சமுதாயம் வந்துவிட்டதாகப் பாடப்புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் ஒரு சிறிய ஓட்டை இருந்தது. வாங்கிய பொருளை மறுபடி விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.

ரெஜினா பல வருடங்கள் மீன் பதப்படுத்தும் ஆலையில், பனிக்கட்டிக்குள் கைவிட்டு இறால் பிரித்தவள். விரல் நரம்புகள் கெட்டுப்போய், விழித்திருக்கும் நேரமெல்லாம் வலித்தது. அவள் கைபட்டால் நிகரி சொல்லும் விலை ஊரில் வேறு யாருக்கும் வராது. அடுக்குமாடிகள் பல வைத்திருந்த சொர்ணவேல் இதைக் கேள்விப்பட்டு, அவளைத் தன் வாங்குமுகவராக வைத்துக்கொண்டார். அவள் வாங்குவாள், அவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பாள். நல்ல சம்பளம். அவளும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் ஜெரால்டும் கடற்காற்று வரும் வீட்டுக்குக் குடிபோனார்கள்.

தினமும் காலையில் சொர்ணவேல் போனில் கேட்பார். "இன்னைக்கு வலி எப்படிம்மா இருக்கு?"

"அக்கறையான மனுஷன்," என்பாள் ரெஜினா.

அப்போதுதான் அரசு மருத்துவமனைக்கு நரம்பைச் சீராக்கும் ஊசி வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவன் ஜெரால்டு.

"ஒரே ஊசியாம். உன் கைக்கு டீ காசுதான் ஆவும்."

"வேலை போயிடும்லா?"

"போவும்."



மறுநாள் மாலை சொர்ணவேலே வீட்டுக்கு வந்தார். "ஊசி விஷயம் கேள்விப்பட்டேம்மா. புது மருந்து, அவசரப்பட வேண்டாம். சம்பளத்தை ரெட்டிப்பாக்கிடுதேன். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்கோ."

ஜெரால்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜினா மெல்லக் கேட்டாள்.

"சார், தினமும் வலி எப்படி இருக்குன்னு கேப்பீங்கள்லா. என்னைக்காவது குறைஞ்சிருக்குன்னு நான் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்களா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியலம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கதவைச் சாத்திவிட்டு ஜெரால்டு சொன்னான்: "இதே கேள்வியை நானும் என்னையக் கேட்டுப் பாத்தேன். எனக்கும் பதில் தெரியல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

ஊசி போட்ட சில நாட்களில் ஒரு காலை, ரெஜினா கண்விழித்து, படுத்தபடியே வழக்கம்போல வலிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. எழுந்து கண்ணாடிமுன் நின்று தலைமுடியைப் பின்னினாள். அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள். இத்தனை வருடமும் கோணல்மாணலாகப் பின்னிவிட்ட ஜெரால்டு வாசலில் நின்று பார்த்தான்.

"எனக்கும் வேலை போச்சு," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அவள் முந்திரி மக்ரூன் விற்கும் ஓர் இனிப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பேருந்தில் நிகரி முதன்முறையாக அவளிடம் முழுக்கட்டணம் கேட்டபோது, நடத்துநர் விசித்திரமாகப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

அவளைப் பார்த்து, மற்ற பணக்காரர்களுக்கு இதேபோல வாங்கிக் கொடுத்துவந்த முகவர்களும் ஒவ்வொருவராக ஊசி போட்டுக்கொண்டார்கள். வாடகைக்குக் கிடைக்க ஊரில் வலியே இல்லாமல் போயிற்று. வசதிபடைத்தவர்கள் முதன்முறையாகத் தங்களுக்கு உரிய விலையைக் கொடுத்தார்கள். இப்போதுதான் நிகரி சரியாக வேலை செய்கிறது என்று ஊரே நிம்மதியடைந்தது.

பிறகு கடற்கரைச் சாலையில் 'தேவையகம்' திறந்தது. கேட்ட வலியை ஊசியில் ஏற்றித் தருவார்கள். வலி யாருக்கும் தேவையில்லை என்பதால் அதற்கு நிகரி சொன்ன விலை ஊரிலேயே மிக அதிகம். ஆனாலும் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன.

ஒரு பிற்பகல் சொர்ணவேல் மக்ரூன் கடைக்கு வந்தார். விரல்கள் மடங்கியிருந்தன. முகம் வெளிறியிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்ததும் நிகரி பச்சையாக ஒளிர்ந்து, ஒரு பெட்டி மக்ரூனுக்கு ஒற்றை ரூபாய் என்றது.

ரெஜினாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "சார், ஆஸ்பத்திரியில அந்த ஊசி இருக்கு. இப்போ உங்க கைக்கு அது சும்மாவே கிடைக்கும். போட்டுக்கிடுங்க."

சொர்ணவேல் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைக்கப் பார்த்தார்.

"போட்டுக்கிடணும்மா. அடுத்த மாசம் வீடு ஒண்ணு வாங்குதேன். அது முடியட்டும்."