பெலிகன் கம்பெனியின் பழைய ஆள்!

"யா அல்லா...!"

பஷீரின் அலறல் கல்மண்டபத்தைத் தாண்டிப் போய், கடலில் நின்ற மூன்று கப்பல்களையும் ஓர் ஆட்டு ஆட்டியது!

அவன் முதலாளி ஜஹாங்கீர் குடோனுக்குள் ஓடினார்.

மேசை. மேசைமேல் இரண்டு கைகள்...

கைகளில் சதை இல்லை!

மேனேஜர் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, ஒரு முழு எலும்புக்கூடு!

"இன்னா பாய் இது? காலிக் கம்பெனின்னு சொன்னியே... உள்ள ஆளு கீறாரே!"

"கத்தாதடா! நான் இத்த வாங்குனது வெளிய தெரியக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?"

அங்கேதான் சிக்கல்.

கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் டெண்டர். பத்து வருஷப் பழைய கம்பெனிக்கு மட்டும்தான். ஜஹாங்கீரின் சொந்தக் கம்பெனிக்கு வயது இரண்டு! மூன்று முறை கேட்டுப் போனார். மூன்று முறையும், 'பால்குடி மறக்கட்டும், அப்புறம் வா' என்று துரத்தினார்கள்.

வெறுத்துப் போய், சுப்பராயன் என்பவரிடம் 'ஈஸ்டர்ன் பெலிகன்' கம்பெனியைக் குடோனோடு போன வாரம் விலைக்கு வாங்கினார். 1941-ல் பதிவு. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மூட்டைகூடத் தூக்காமல் பூட்டியே கிடந்த கம்பெனி. அந்த வயதுதான் சரக்கு!

நேற்று கப்பல் கம்பெனியில் மேசையைக் குத்தி, "நாப்பத்தொண்ணுலேர்ந்து நான்தான் நடத்திகினு வரேன்!" என்று முழங்கிவிட்டும் வந்திருந்தார்.

நாளை டெண்டர் திறப்பு.

டக்... டக்... பூட்ஸ் சத்தம்!

யாரும் கூப்பிடாமலே ஒரு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். எலும்புக்கூட்டைச் சுற்றி வந்தார். மோந்தும் பார்த்தார்!

"செத்துப் பத்து வருஷம் ஆச்சு. பத்து வருஷம் முன்னாடி இந்தக் கம்பெனி யாருது?"

ஜஹாங்கீர் மனசுக்குள் கணக்குப் போட்டார். 'என்னுது' என்றால் தூக்கு. 'இல்லை' என்றால் டெண்டர் போச்சு!

"வந்து... என்னுதுதான் சார். ஆனா நான் ஒண்ணும் பண்ணல..."

"ஓஹோ! கம்பெனி உங்களது. சாவி உங்களது. கொலை மட்டும் வேற ஆளோடதா?"

விலங்கு மின்னியது.

"சொல்லிடு பாய்!" பஷீர் கெஞ்சினான். "டெண்டர் வேற வரும். கழுத்து ஒண்ணுதான் கீது!"

"சும்மா கெடடா, பேஜாரு புடிச்சவனே!"

விலங்கு மணிக்கட்டைத் தொட்டது.

"ஐயோ சார்! போன வாரம்தான் வாங்கினேன்! நாப்பத்தொண்ணுல நான் வண்ணாரப்பேட்டைல சமோசா வித்துகினு இருந்தேன்!"

"காதுல விழல. இன்னும் சத்தமா!"

"வாங்கினேன்! போன வாரம்! வெலைக்கு!"

வெளியே கைதட்டல்!

உள்ளே வந்தார் வரதன். டெண்டருக்குப் போட்டியில் இருந்த ஒரே ஆள். கூடவே, கப்பல் கம்பெனி மேனேஜர்!

"கேட்டுகினீங்களா சார்? பெலிகன் போன வாரம்தான் முட்டையிலேர்ந்து வந்துக்கீது!"

மேனேஜர் திரும்பி நடந்தார். டெண்டரும் அவரோடு நடந்தது!

"அப்ப... கொலை?" என்றார் ஜஹாங்கீர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் மீசையையும் கழற்றினார்!

"உடுப்பு டிராமா கொட்டாய்ல வாடகை மாமு," என்றார் வரதன். "எலும்பு, டாக்டருக்குப் படிக்கிற பையன்கிட்ட வாடகை. குடோன் கூரையப் பிரிச்சு எறக்கினோம்."

ஜஹாங்கீர் எலும்புக்கூட்டின் தோளில் கை வைத்தார். மூட்டுக்கு மூட்டு செப்புக் கம்பி!

"அடப்பாவி! பன்னெண்டு வருஷத்துல இந்தக் கம்பெனில குந்திகினு வேல பாத்த ஒரே ஆளு இவன்தான்... இவனையும் வாடகைக்கா இட்டாந்தே?"