காது கொடுக்காத கேசட்

விசில் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை.

கேசட்டில் சேமித்து வைத்த ஆட்டத்தைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினால் முதலில் ஒரு விசில் வரும், தயாராக இரு என்று மெஷினை எழுப்புகிற விசில். நாலு மூச்சு விடுவதற்குள் அது அடங்கி, தகரத்தின் மேல் மணலைக் கொட்டுகிற மாதிரி கரகரப்பு தொடங்கும். அந்தக் கரகரப்புதான் சரக்கு. இந்தச் சத்தங்களோடேயே தலை நரைத்தவர் மூளைக்காரர். டிவியின் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன, விசில் மட்டும் ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போனது, மழைக்காக மூடியிருந்த ஜன்னலின் கண்ணாடி அதற்குச் சன்னமாக அதிர்ந்தது, எங்கிருந்தோ வயர் கருகுகிற வாடை வந்தது.

"கேசட் பழசும்மா. டேப் இழுத்துடுச்சு போல," என்றார்.

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் தங்கை டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூளைக்காரர் என்பது ஏதோ ஒரு பத்திரிகை சூட்டிய பட்டம். அசெம்பிளியில், அதாவது மெஷினுக்கு நேராகப் புரிகிற மொழியில், தனி ஆளாக ஒரு முழு ஆட்டத்தை எழுதியவராம். தனி ஆளாவது மண்ணாங்கட்டியாவது! அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. எழுதியது தங்கையின் கணவர். பரம சாது அந்த மாப்பிள்ளை. மச்சான் மூளைக்காரரின் கடையில், பின்னறையில் ராப்பகலாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, தமிழிலேயே பேசுகிற ஆட்டமாக அதைச் செய்தார். பின்னறையில் தீப்பிடித்த அன்று மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார், ஆட்டம் மச்சான் கைக்கு வந்தது.

அன்று அந்தக் கதவு வெளியே தாழிட்டுக் கிடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது என்று மச்சானே தினமும் விளையாட்டாகப் போடுகிற தாழ்ப்பாள்தான். புகை வந்தபோது, எழுதி முடித்த ஆட்டம் மச்சானின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது, மும்மூன்று தட்டாக. அவர் நின்று கேட்டார். அது அடங்கிய பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, ஐயோ ஐயோ என்று தெருவுக்கு ஓடினார்.

இன்றைக்குச் சாயங்காலம் தங்கை ஒரு கேசட்டோடு வந்தாள். ஒரு மூலை உருகிப்போன கேசட்.

"என் வீட்டுக்காரர் சட்டைப்பையில இருந்ததுண்ணா. ஏதோ ஆட்டத்தை சேவ் பண்ணி வெச்சிருக்காரு. நாளைக்கு உங்களுக்குப் பாராட்டு விழா, பழைய கம்ப்யூட்டர் கண்காட்சிக்காரங்க இதையும் கேக்கறாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

மூளைக்காரர் கேசட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாகும்போது அந்த மனுஷன் எதைச் சேமித்தானோ! அது நாளைக்கு நாலு பேர் முன்னால் திரையில் வந்தால் பெயரும் போச்சு, ஆளும் போச்சு. தானே பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையில் இருக்கும் காந்தத்தை ஒரு தடவை மேலே ஓட்டிவிட்டால் டேப்பில் இருப்பது அழிந்து கதை முடிந்தது. சேமித்த ஆட்டத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? எந்த அறையில் நிற்கிறோம், கையில் என்ன இருக்கிறது, எத்தனை உயிர் மிச்சம். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும்.

விசில் ஒருவழியாக நின்றது. கரகரப்பு தொடங்கியது.

அது முடியவில்லை. கேட்கக் கேட்க, கரகரப்புக்குள் ஒரு தாளம் தட்டுப்பட்டது. மும்மூன்றாக.

கீபோர்டில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். திரும்ப அழுத்தினார்.

"என்னாச்சுண்ணா?"

"கேக்க மாட்டேங்குது."

"எப்படிக் கேக்கும்? ஏத்த ஆரம்பிச்சா கடைசித் துணுக்கு வர்ற வரைக்கும் கீபோர்டுக்குக் காது குடுக்காத மாதிரிதானே எழுதியிருக்காரு. பேட்டியில நீங்ககூட சொன்னீங்களே, உங்க ஐடியான்னு."

அவர் திரும்பிப் பார்த்தார். தங்கையின் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நானும் அந்த மொழியைக் கத்துக்கிட்டேண்ணா. அக்கம்பக்கத்துல எல்லாரும் தையல் கத்துக்கிட்டப்போ நான் இதைக் கத்துக்கிட்டேன். இந்தக் கேசட்டை எண் எண்ணா எழுத்துக்கூட்டிப் படிச்சேன்."

"என்ன... என்ன இருந்துச்சு?"

"ஆட்டத்துல புதுசா ஒரு அறை சேர்த்திருக்காரு. ஏறட்டும். நீங்களே பாருங்க."

எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். பேரப்பிள்ளைகள் மெஷின்களைத் தொடாதிருக்க அவரே வெளிப்பக்கம் பொருத்திய தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏய்! என்ன பண்றே?"

டேப் பிளேயரின் வயரைப் பிடுங்கினார். சக்கரங்கள் சுற்றின. கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினார். கோடுகள் ஊர்ந்தன. டிவியின் வயரையும் பிடுங்கினார். வாடை இப்போது வாடையாக இல்லை. கண் எரிந்தது. இருமினார்.

கரகரப்பு நின்றது.

திரை கறுத்தது. மாப்பிள்ளை வரைந்த எழுத்துகள், லேசாக வலப்பக்கம் சாய்ந்தவை, ஒவ்வொன்றாக எழுந்தன.

நீ பின்னறையில் இருக்கிறாய்.
கதவு வெளியே தாழிட்டிருக்கிறது.
கையில்: ஒரு கேசட்.
உயிர்: ஒன்று.

பிளேயரைப் பார்த்தார். காலி. உள்ளங்கை சுட்டது. உருகிய மூலையோடு கேசட் கையில் இருந்தது. உதறினார். அது தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவுக்கு ஓடினார். மறு கையால் தட்டினார்.

"அம்மாடி! புகைம்மா! கதவைத் திற! நான் உன் அண்ணன்!"

கதவின் அடி இடுக்கில் வெளிச்சம். அதில் ஒரு ஜோடி செருப்பு. தங்கை அங்கேயேதான் நின்றாள்.

"கதவிடுக்குல உங்க செருப்பு தெரிஞ்சதையும் எழுதியிருக்காருண்ணா," என்றாள். "திறப்பாரு, திறப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. அன்னிக்கு நீங்க எவ்வளவு நேரம் நின்னு கேட்டீங்களோ, அவ்வளவு நேரம் நானும் நிக்கறேன்."

தட்டினார். புகை முழங்காலுக்கு வந்தது. தட்டினார். இடுப்புக்கு வந்தது. தொண்டையில் குரல் இல்லை. கை மட்டும் தட்டியது. மும்மூன்றாக. தான் அப்படித் தட்டவில்லையே என்று தோன்றியது.

கையை நிறுத்தினார்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவர் தோளுக்கு மேலாக நீண்டு, கரிந்து விரல்கள் ஒட்டிப்போன ஒரு கை, அவசரமே இல்லாமல் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.